பக்கத்து வகுப்பறையில் என்ன நடக்கிறது? ஆங்கில ஆசிரியர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பற்றி

2012ஆம் ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்தின் உட்புறக் கிராமமொன்றில் இருந்த பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியையாக நியமனம் பெற்றுச் சென்றேன். தரம் 6 முதல் தரம் 11 வரை ஆங்கிலம் கற்பிக்க அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன். கணித ஆசிரியர்கள் இருவர். அவர்கள் இடைவேளையில் தேநீர் குடித்தபடி, எந்தக் கணக்கில் எந்தப் பிள்ளை எங்கே பிழைவிட்டது என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்படிப் பேச ஆளில்லை.

ஒரு நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவர்கூட வாய்திறக்காமல் இருந்த நாட்கள் உண்டு. மணி அடித்ததும் கொப்பிகளை அள்ளிக்கொண்டு வெளியே வருவேன். அதிபர் எதிர்ப்பட்டு "எப்படி ரீச்சர் பாடம்?" என்று கேட்பார். "நல்லாய்ப் போச்சு சேர்" என்பேன். பாடத்திட்டக் குறிப்பேட்டிலும் அந்தப் பாடம் முடிந்ததாகவே எழுதுவேன். அடுத்த நாள் அடுத்த அலகு. நான்கு வருடங்களாக, எனது வகுப்பறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பின்னர் தெரிந்துகொண்டது என்னவென்றால், நாற்பது கிலோமீற்றருக்குள் இருந்த வேறு பல ஆங்கில ஆசிரியர்களும் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது. அவர்களைச் சந்திக்கத் தொடங்கிய பின்னர் என்ன மாறியது, எப்படி மாறியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆசிரியர்களுக்கு மட்டுமன்றி, "இவ்வளவு காலம் படிச்சும் பிள்ளைக்கு நாலு சொல் இங்கிலீஷ் பேசத் தெரியேல்லையே" என்று கவலைப்படும் பெற்றோருக்கும் இதில் சொல்ல விடயம் இருக்கிறது.

தனித்துப்போன பாடம்

இலங்கையில் ஆங்கிலம் ஒரு விசித்திரமான பாடம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. பின்னர் தாய்மொழிக் கல்வி நிலைபெற்றபோது, ஆங்கிலம் கற்கை மொழி என்ற இடத்திலிருந்து இறங்கி ஒரு பாடமாக மாறியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அதற்கு "இணைப்பு மொழி" என்ற பெயரைக் கொடுத்தது. இன்று தரம் 1இலிருந்து வாய்மொழிச் செயற்பாடுகளாகவும், தரம் 3இலிருந்து முறையான பாடமாகவும் அது கற்பிக்கப்படுகிறது. நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் அது நீண்டகாலமாக இரண்டு எழுத்துப் பத்திரங்களாகவே இருந்துவந்துள்ளது. பிள்ளை பேசினதா இல்லையா என்பதற்கு அங்கே புள்ளி இல்லை.

இதனால் ஆங்கில ஆசிரியர் இரண்டு பக்கமும் இடிபடுகிறார். பிள்ளை பேசவேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று வலயம் கேட்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லவேண்டியவர் சிறிய பாடசாலைகளில் பெரும்பாலும் ஒரேயொருவர். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால், அந்தப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்த அனுபவம் முழுவதும் அவருடனேயே போய்விடும். அடுத்து வருபவர் மீண்டும் ஆனாவிலிருந்து தொடங்குவார்.

செயலமர்வுகள் நடக்கத்தான் செய்கின்றன. நானும் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். ஆனால் அங்கே யாரோ ஒருவர் முன்னால் நின்று எப்படிக் கற்பிக்கவேண்டும் என்று சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டு வருவோம். எமது வகுப்பில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் உண்மையைச் சொல்லும் துணிவு எமக்கு இருந்திருக்காது. கேட்பவர் நாளைக்கு எமது வகுப்பைப் பார்வையிட வருபவராகவும் இருக்கலாம் அல்லவா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில்

2016இல் அப்படியான ஒரு செயலமர்வின் மதிய இடைவேளையில்தான் இது தொடங்கியது. வேப்பமரத்தடியில் நான்கு பேர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு இருந்தோம். எங்களில் ஒருவர் இருபது வருடங்களுக்கு மேல் கற்பித்தவர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார். அவர் திடீரென்று, "உங்கட வகுப்பில ஆக மோசமாய்ப் போன பாடம் எது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தனது பாடமொன்றைச் சொல்லத் தொடங்கினார். கடந்த வாரம் நடந்தது. அவ்வளவு அனுபவமுள்ள ஒருவர் "எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல, பிள்ளையளைப் பாத்து எழுதச்சொல்லிப்போட்டு யன்னலுக்கால வெளியில பாத்துக்கொண்டு நிண்டன்" என்று சொன்னபோது எனக்குள் ஏதோ இளகியது. பிற்பகல் அமர்வுக்கு மணி அடித்தும் நாங்கள் எழும்பவில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அந்த ரீச்சரின் வீட்டு விறாந்தையில் கூடினோம். அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை. நான்கு பேர் பதினொருவர் ஆனோம். பெயர் வைக்கவில்லை, தலைவர், செயலாளர் தெரிவும் நடக்கவில்லை.

முதல் இரண்டு கூட்டங்களும் முறைப்பாடுகளாலேயே நிரம்பின. பாடப்புத்தகம் கடினம், பிள்ளைகளுக்கு அடிப்படை இல்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை. பேசி முடித்தபோது மனம் லேசானது. ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் செய்ய எதுவும் கையில் இருக்கவில்லை. எனவே சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு முறையும் ஒருவர் மட்டுமே தனது பாடத்தை முன்வைப்பார். பாடம் முழுவதையுமல்ல, சரிவராத பத்து நிமிடத்தை மட்டும். கையில் ஏதாவது கொண்டுவரவேண்டும்: ஒரு பிள்ளையின் கொப்பி, ஒரு வினாத்தாள், கரும்பலகையின் படம். பிள்ளையின் பெயர் சொல்லக்கூடாது. மற்றவர்கள் முதல் அரைமணி நேரம் கேள்வி மட்டும் கேட்கலாம், ஆலோசனை சொல்லக்கூடாது. "அந்த நேரம் பின்வாங்கில இருந்தவை என்ன செய்தவை?", "அந்தச் சொல்லை அவை முதல் கேட்டிருக்கினமோ?" இப்படி. கடைசியாக, யாராவது ஒருவரின் யோசனையை எடுத்துச் சென்றவர் அடுத்த மாதம் அது தன் வகுப்பில் என்ன ஆனது என்று சொல்லியே ஆகவேண்டும். இந்தக் கடைசி ஒழுங்குதான் மிகவும் பயன் தந்தது. ஏன் என்பதைப் பின்வரும் உதாரணங்கள் காட்டும்.

"எனக்குப் பசிக்கிறது"

ஒரு ஆசிரியை தரம் 8 பிள்ளைகளின் கொப்பிகளிலிருந்து ஒரு பக்கம் நிறையப் பிழைகளைத் தொகுத்துக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "ஐ அம் ஹங்ரி" என்று எழுதவேண்டிய இடத்தில் "ரு மீ ஹங்ரி" என்று பலர் எழுதியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் சிவப்புப் பேனையால் வெட்டிப் பழகிய பிழைதான். ஆனால் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது காரணம் வெளியே தெரிந்தது. தமிழில் பசியும் தாகமும் விருப்பமும் "எனக்கு" வருகின்றன. "நான்" அங்கே எழுவாயாக நிற்பதில்லை. பிள்ளை யோசித்து, தன் மொழியின் ஒழுங்கைக் கவனமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. அது கவனயீனப் பிழையல்ல.

அந்த ஆசிரியை அடுத்த வாரம் பலகையின் ஒரு பக்கத்தில் தமிழ் வசனத்தையும் மறுபக்கத்தில் ஆங்கில வசனத்தையும் எழுதி, "ஆருக்குப் பசி? ஆங்கிலத்தில அந்த ஆள் எங்க நிக்கிறார்?" என்று தமிழிலேயே கேட்டார். ஐந்து நிமிடம். அதன்பின் அந்தப் பிழை வெகுவாகக் குறைந்தது என்று வந்து சொன்னார்.

இது எங்களுக்குள் ஒரு விவாதத்தைக் கிளப்பியது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்றே எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. ஆனால் எல்லோரும் இரகசியமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தோம், குற்றவுணர்வோடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவரும், பின்னர் உலக அளவில் அறியப்பட்ட மொழியியலாளரானவருமான சுரேஷ் கனகராஜா, 1995இலேயே யாழ்ப்பாண ஆங்கில வகுப்பறைகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் தமிழையும் ஆங்கிலத்தையும் எப்படிக் கலந்து பயன்படுத்துகிறார்கள், அது என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எங்கள் மண்ணின் வகுப்பறைகளைப் பற்றிய ஆய்வு உலகின் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது. எங்களில் பலருக்கு அது விறாந்தையில் வைத்துத்தான் தெரியவந்தது.

புல், புல், புல்

இன்னொரு கூட்டம் முழுவதும் ஒலிப்பைப் பற்றியே போனது. ஆங்கிலத்தில் "இழு" என்பதற்கும் "எருது" என்பதற்கும் "நிறைந்தது" என்பதற்கும் வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றுமே "புல்" தான். பிள்ளைகள் கொப்பியில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் ஒலிப்பை எழுதிவைப்பது வழக்கம். அப்படி எழுதிய கணத்திலேயே மூன்று சொற்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு சேர் கடதாசித் துண்டொன்றை வாய்க்கு முன்னால் பிடித்துக் காட்டினார். "இழு" என்பதற்கான சொல்லைச் சொன்னால் கடதாசி ஆடும். "எருது" என்பதற்கான சொல்லுக்கு ஆடாது. மூன்றாவது சொல்லுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். செலவில்லாத வித்தை. அடுத்த வாரம் என் தரம் 6 வகுப்பில் முப்பது கடதாசித் துண்டுகள் ஆடின. அதுவரை வாய்திறக்காத பிள்ளைகளும் கடதாசியை ஆட்டுவதற்காகவே வாய்திறந்தார்கள்.

அதே சேர் வேறொன்றும் சொன்னார். "ரீச்சர்" என்ற சொல்லின் முதல் ஒலிக்கு நாக்கின் நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொடும். நாங்கள் "காற்று", "வெற்றி" என்று சொல்லும்போதும் நாக்கு அங்கேதான் போகிறது. எனவே "காற்று எண்டு சொல்லுங்கோ, நாக்கை அப்பிடியே வைச்சிருங்கோ" என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு ஆங்கில ஒலி வந்துவிடும். எங்கள் பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்தது.

பின்னர் மலையகத்தில் கற்பிக்கும் ஒரு ஆசிரியை இதைத் தன் வகுப்பில் செய்துபார்த்தார். சரிவரவில்லை. அவருடைய பிள்ளைகள் வீட்டில் "காத்து" என்றே பேசுகிறார்கள். நாக்கு பல்லுக்குப் போகிறது. ஒரே தமிழ், ஒரே பாடப்புத்தகம், ஆனால் யாழ்ப்பாணத்தில் பலித்த வித்தை ஹற்றனில் பலிக்கவில்லை.

நேர அட்டவணை

என்னுடைய தோல்வியொன்றையும் சொல்லவேண்டும். இந்தியாவைச் சேர்ந்த என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பாடசாலைகளில் ஒரு பரிசோதனையை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று அதைச் சொல்வார்கள். இலக்கணத்தை வரிசையாகக் கற்பிப்பதை விட்டுவிட்டு, வரைபடம், புகையிரத நேர அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, பிள்ளைகள் யோசித்து விடை காணவேண்டிய சிறு வேலைகளாகவே பாடத்தை அமைத்தார். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே போகும் என்பது அவரது எண்ணம்.

எங்கள் குழுவில் ஒருவர் இதைப் பின்பற்றி பஸ் நேர அட்டவணை ஒன்றைத் தயாரித்து வெற்றிகரமாகப் பாடம் நடத்தியிருந்தார். நான் அதை அப்படியே வாங்கிச் சென்றேன். வவுனியாவுக்குப் பத்து மணிக்கு முன் போய்ச்சேர எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்பது கேள்வி. எனது பிள்ளைகள் தாளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஏழு பத்து பஸ் எப்பவும் பிந்தித்தான் வரும் ரீச்சர், ஆறரைக்குப் போகவேணும்" என்று தமிழில் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வீதியில்தான் அவர்களது வீடுகள். பஸ்ஸெல்லாம் மனப்பாடம். ஆங்கிலத்தில் எதையும் வாசிக்கவேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருவர், "அப்ப அவைக்குத் தெரியாத ஊரின்ர பஸ்ஸைக் குடுங்கோ" என்றார். இன்னொருவர், "ஏன் பிந்தி வருதெண்டு அவையே ஆங்கிலத்தில ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதட்டும்" என்றார். இரண்டாவதைச் செய்தேன். அந்தக் கடிதங்களில் பிழைகள் ஏராளம். ஆனால் அந்த வகுப்பு அவ்வளவு அதிகமாக ஆங்கிலத்தில் எழுதியதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

இதே பிரபு 1990இல் எழுதிய கட்டுரையொன்றில், எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று இல்லை என்று வாதிடுகிறார். ஒவ்வொரு ஆசிரியருக்குள்ளும், எப்படிச் செய்தால் பிள்ளை கற்கும் என்பது பற்றிய ஒரு நம்பிக்கை உயிரோடு இருக்கவேண்டும் என்பதும், அது செத்துப்போய்க் கற்பித்தல் இயந்திரத்தனமாக மாறுவதே உண்மையான ஆபத்து என்பதும் அவரது கருத்தின் சாரம். அந்த நம்பிக்கை மற்ற ஆசிரியர்களின் நம்பிக்கையோடு உரசும்போதுதான் வளர்கிறது. நேர அட்டவணையும் "காற்றும்" எங்களுக்குக் கற்றுத்தந்ததும் இதைத்தான். மற்றவரின் பாடத்தை வாங்கிச் செல்வதால் மட்டும் பயனில்லை. அது என் வகுப்பில் ஏன் வேறுவிதமாகப் போனது என்று திரும்பிவந்து பேசும்போதே என் பிள்ளைகளை எனக்குத் தெரியவருகிறது.

அழகான கொப்பி

இந்தக் கூட்டங்கள் ஏன் அவசியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு பிள்ளையின் கதை.

2016இன் இறுதிப் பகுதியில் என் முறை வந்தபோது, தரம் 9 மாணவன் ஒருவனின் கொப்பியைக் கொண்டுபோனேன். வகுப்பில் வாயே திறக்காத பையன். பரீட்சையில் ஒற்றை இலக்கப் புள்ளி. ஆனால் கொப்பி அவ்வளவு அழகு. பக்கத்துக்குப் பக்கம் நான் "வெரி குட்" என்று கையெழுத்து வைத்திருந்தேன். வீட்டில் படிப்பதில்லை, சோம்பல் என்பதே எனது முடிவு.

அந்த மூத்த ரீச்சர் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ரீச்சர், இந்தப் பிள்ளை எழுதேல்ல, கீறுது" என்றார்.

பார்த்தோம். சொற்களுக்கிடையே இடைவெளி ஒழுங்கில்லை. பலகையில் வரி முடிந்த இடத்திலேயே கொப்பியிலும் வரி முடிந்திருந்தது, சொல் பாதியில் அறுந்திருந்தாலும். பலகையில் நான் அழித்து எழுதிய எழுத்தொன்றின் தடம்கூட ஓரிடத்தில் கவனமாகப் பிரதிசெய்யப்பட்டிருந்தது. அவனுக்கு அது எழுத்து அல்ல, படம்.

2002இல் பிறந்த பிள்ளை. 2008இல் தரம் 1. அந்த வருடத்தின் பிற்பகுதியில் அவனுடைய குடும்பம் இடம்பெயரத் தொடங்கி, 2009இல் செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. மீள்குடியேறியபோது அவன் தரம் 3இல் இருந்தான். கூரையில்லாத பாடசாலை. ஆங்கில எழுத்துகளைப் படிக்கவேண்டிய காலம் அப்படியே கடந்துபோயிருந்தது. தமிழை ஒருவாறு பிடித்துக்கொண்டான். ஆங்கிலத்தை யாரும் அவனுக்குத் தொடக்கத்திலிருந்து கொடுக்கவில்லை. தரம் 6இலிருந்து மூன்று வருடங்களுக்கு மேல் அவனுக்குக் கற்பித்த நானும் கொடுக்கவில்லை. அவன் வாசிக்கத் தெரியாதவன் என்பதே எனக்குத் தெரியாது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த வாரம் வகுப்பிலிருந்த எல்லாக் கொப்பிகளையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் நால்வர் "கீறிக்கொண்டு" இருந்தார்கள். ஐவரையும் பாடசாலை தொடங்க முன்னர் இருபது நிமிடம் இருத்தி, எழுத்திலிருந்து தொடங்கினோம். கூட்டத்தில் மற்றவர்களும் தத்தம் வகுப்புகளைப் பார்த்தார்கள். எல்லோரிடமும் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்தப் பையன் 2018இல் சாதாரண தரம் எழுதினான். ஆங்கிலத்துக்குக் கிடைத்தது "டபிள்யூ" தான். இரண்டு வருடத்தில் எட்டு வருடத்தை ஈடுசெய்ய முடியவில்லை. வலயத்தின் கணக்கில் அவன் சித்தியடையாதவர்களில் ஒருவன். இப்போது மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். ஒருமுறை எனது ஸ்கூட்டியைக் கொண்டுபோனபோது, உதிரிப்பாகப் பெட்டிகளின் மேலிருந்த ஆங்கிலத்தை வாசித்து வாசித்து எனக்கு வேண்டியதைத் தேடி எடுத்தான். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "இது நீங்கள் காலமையில சொல்லித்தந்தது ரீச்சர்" என்றான்.

தெற்கிலும் அதே பிழை

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது சந்திப்புகள் நின்றன. வட்ஸ்அப்புக்கு மாறினோம். அப்போதுதான் வட்டம் விரிந்தது. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். பயிற்சியொன்றில் அறிமுகமான மொனராகலையைச் சேர்ந்த ஒரு சிங்கள ஆசிரியையும் சேர்ந்தார். அவருக்குப் பின் இன்னும் மூவர்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எங்களில் பலருக்குச் சிங்களம் தெரியாது. எனவே ஆங்கிலத்தில் பேசவேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எங்களில் சிலர் அதுவரை ஆங்கிலத்தைக் கற்பித்திருந்தோமே தவிர, ஒரு சக ஆசிரியரோடு மனம்விட்டு அதில் பேசியதில்லை. தடுமாறினோம். வகுப்பில் பிள்ளைக்கு வாய் வராதபோது எப்படி இருக்கும் என்று அப்போது எங்களுக்கே விளங்கியது.

ஒருநாள் நான் "எனக்குப் பசிக்கிறது" கதையைச் சொன்னேன். மொனராகலை ஆசிரியை தன் மாணவியின் கொப்பியைப் படமெடுத்து அனுப்பினார். அதே பிழை. சிங்களத்திலும் "மட்ட படகினி", அதாவது "எனக்குப் பசி" தான். வினை கடைசியில் வருவதும், ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் வருவது சொல்லுக்குப் பின்னால் வருவதும் இரண்டு மொழிகளுக்கும் பொது. கிளிநொச்சியிலும் மொனராகலையிலும் பிள்ளைகள் ஒரே காரணத்துக்காக ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் அதைத் தனித்தனியே சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். அரசியலமைப்பில் இருக்கும் "இணைப்பு மொழி" என்ற சொல்லுக்கு எனக்கு ஒரு அர்த்தம் கிடைத்தது அன்றுதான்.

சரிவராதவை

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். வட்ஸ்அப் குழு சில மாதங்களிலேயே கடந்தகால வினாத்தாள்களும் காலை வணக்கப் பூக்களும் குவியும் இடமாகியது. வினாத்தாள் பகிர்வது தவறல்ல. ஆனால் அது வந்தவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. பின்னர் பேசுவதற்கு மட்டும் வேறொரு சிறிய குழுவை வைத்துக்கொண்டோம்.

ஒருமுறை உயரதிகாரி ஒருவர் நல்ல எண்ணத்துடன் எங்கள் சந்திப்புக்கு வந்தார். அன்று எல்லோருடைய பாடங்களும் வெற்றிகரமாக நடந்திருந்தன! இன்னொருமுறை ஒவ்வொரு சந்திப்புக்கும் அறிக்கை தருமாறு கேட்கப்பட்டது. அறிக்கை எழுதும் பொறுப்பு வந்த மாதம் வருகை பாதியாகியது. 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் சந்திக்க முடியவில்லை. சிறு பிள்ளைகள் உள்ள ஆசிரியைகளுக்குச் சனிக்கிழமை வீட்டைவிட்டு வருவது இலகுவல்ல. தனியார் வகுப்பு நடத்தும் சிலர் தமது குறிப்புகளை வெளியே விட விரும்புவதில்லை. அதையும் குறைசொல்ல முடியாது, அது அவர்களின் வருமானம்.

உலகில் ஆங்கில ஆசிரியர்களுக்கான பெரிய அமைப்புகள் அறுபதுகளிலேயே தோன்றிவிட்டன. அமெரிக்காவில் 1966இல் ரெசோல், பிரித்தானியாவில் 1967இல் ஐயாரெபல். இலங்கையிலும் ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் இருக்கிறது. இவற்றின் மாநாடுகள் பயனுள்ளவை. வாய்ப்புக் கிடைத்தால் போகவேண்டும். ஆனால் மாநாட்டில் பெரும்பாலும் வெற்றிபெற்ற பாடங்களே பேசப்படும். தோற்ற பாடத்தைப் பேச, பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் நாலு பேர் வேண்டும்.

தொடங்க விரும்புபவர்களுக்கு

மூன்று பேர் போதும். ஒரே பாடசாலையாக இருக்கத் தேவையில்லை. இருக்காமல் விட்டால் இன்னும் நல்லது. முதலில் பேசுபவர் ஆக அனுபவமுள்ளவராக இருக்கட்டும், அவர் தன் தோல்வியைச் சொன்னால்தான் இளையவர்களுக்கு வாய் வரும். கொப்பி ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். கொப்பி இல்லாத கூட்டம் முறைப்பாட்டுக் கூட்டமாகிவிடும்.

அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு பிற்பகலை இதற்கு விட்டுத்தாருங்கள், அறிக்கை கேட்காதீர்கள். பெற்றோரிடமும் ஒன்று. பிள்ளையின் ஆங்கிலக் கொப்பி அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவைக்க வேண்டாம். அதில் ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கிறதா, தடுமாறுகிறதா, நினைவிலிருந்து சொல்கிறதா என்பது காதுக்குத் தெரியும். தெரிந்ததை ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். அதைச் சொல்லிக் கோபித்துக்கொள்வார் என்று பயப்படவேண்டாம். என்னிடம் ஒரு தாய் அப்படி வந்து சொல்லியிருந்தால், அந்தப் பையனுக்கு இன்னும் மூன்று வருடங்கள் கிடைத்திருக்கும்.

வரும் சனிக்கிழமை எங்கள் சந்திப்பு. அந்த மூத்த ரீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார், ஆனால் விறாந்தை இன்னும் அவருடையதுதான். இம்முறை என் முறை. கடந்த செவ்வாய்க்கிழமை தரம் 7இல் போன பாடம் ஒன்று இருக்கிறது. ஏன் அப்படிப் போனதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கொப்பிகளை எடுத்து வைத்திருக்கிறேன்.